மின்படி பாதியில் நின்றால் மோட்டர் தேடாதீர்கள், பின்னைக் கழற்றுங்கள்

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்தபடி இரண்டு மூன்று வாரம் நின்ற மோட்டர்ஹோமில், கதவைத் திறந்ததும் தானாக வெளியே வரவேண்டிய மின்படி, அதாவது மோட்டரால் ஓடும் ஏறுபடி, ஒருநாள் பாதி வழியில் நின்றுவிடும். சிலவேளை கொஞ்சம் வந்து திரும்ப உள்ளே போகும். சிலவேளை "டிக்" என்ற சத்தத்தோடு சரி. உடனே எல்லாரும் சொல்வது, "மோட்டர் போயிட்டுது." பெரும்பாலும் மோட்டர் போயிருக்காது. படியின் கைகளைத் தாங்கும் பின்களும் புஷ்களும் (பின் சுழலும் உறைவளையங்கள்) உப்பிலும் மணலிலும் இறுகியிருக்கும். அதைப் பார்க்காமல் கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை முழுக்க அலைந்து, கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து மோட்டர் எடுப்பித்துப் பூட்டினால், புது மோட்டரும் அதே இடத்தில் நிற்கும். இரண்டு மாதத்தில் அதன் கியரும் போகும்.

படி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து படியோடு வந்த மோட்டர்ஹோம்கள் இங்கே குறைவு. அதிகம் இருப்பவை ஹையேஸ், கரவான் வான்களையும் கோஸ்டர், ரோசா பஸ்களையும் கட்டில், சிங்க் வைத்து மாற்றியவை. அவற்றில் படியைத் தனியாக வாங்கிப் பூட்டியிருப்பார்கள், அல்லது ஜப்பானிலேயே முதியவர்கள் ஏறுவதற்காகப் பூட்டி வந்திருக்கும். எதுவானாலும் உள்ளே இரண்டு விதந்தான். ஒன்றில் படி முழுதாக வந்ததையும் முழுதாகப் போனதையும் இரண்டு மைக்ரோசுவிச்கள் சொல்லும். மற்றதில் அப்படிச் சுவிச் இல்லை. மோட்டர் இழுக்கும் கரண்டைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். படி முட்டி நின்றதும் கரண்ட் சட்டென்று ஏறும், "முடிந்தது" என்று பெட்டி நிறுத்திவிடும்.

இந்த இரண்டாவது வகைதான் நம்மை ஏமாற்றும். பின் இறுகினாலும் கரண்ட் ஏறும். முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துப் பெட்டி பாதியிலேயே நிறுத்தும். மோட்டரும் நல்லது, பெட்டியும் நல்லது, ஆனாலும் படி நிற்கும். காலையில் ஒழுங்காக வேலை செய்து, மத்தியானம் கச்சான் காற்று மணலை வாரி அடித்த பிறகு நின்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

கீழே கை வைக்க முன்

படிக்குரிய பியூஸைக் கழற்றி உங்கள் சட்டைப் பைக்குள் போடுங்கள். சுவிச்சை ஓவ் பண்ணினால் போதாது. சில படிகளில், சுவிச் ஓவாக இருந்தாலும் இக்னிஷன் போட்டுக் கதவை மூடினால் படி தானாக உள்ளே போகும். நீங்கள் கீழே படுத்திருக்கும்போது மேலே ஒரு பிள்ளை கதவைச் சாத்தினால் அவ்வளவுதான். படியின் கைகள் கத்தரிக்கோல் போல மடிபவை. நடுவில் விரல் இருந்தால் நசுங்காது, வெட்டுப்படும்.

வண்டியை மணலில் வைத்து ஜாக்கி போடவே கூடாது. சீமெந்துத் தரையில் அல்லது இறுகிய கிறவலில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். பெரும்பாலான படிகளுக்கு வண்டியைத் தூக்கவே தேவையில்லை, பக்கவாட்டில் படுத்தால் கை எட்டும். தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

ஒரு பின், ஒரு கை

மோட்டரின் கியர்ப் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கை வந்து படியின் சட்டத்தோடு சேரும். சேருமிடத்தில் ஒரு பின், அதன் நுனியில் அது கழராமல் பிடிக்க ஒரு கொட்டர் பின் (காலை வளைத்துப் பூட்டும் கம்பி) அல்லது கிளிப். கொட்டர் பின்னை நேராக்கி இழுத்து, பெரிய பின்னைத் தட்டி எடுங்கள். இப்போது படிக்கும் மோட்டருக்கும் தொடர்பில்லை. விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு படியை உள்ளேயும் வெளியேயும் தள்ளிப் பாருங்கள்.

நல்ல படி ஒரு கையால் போய்வரும், எங்கும் பிடிக்காது. இரண்டு கையும் தேவைப்பட்டால், அல்லது ஓரிடத்தில் மட்டும் "கறக்" என்று பிடித்தால், பழுது படியிலேயே. மோட்டரைத் தொடாதீர்கள். கையால் இலகுவாகப் போய்வருகிறது, மோட்டரோடு சேர்த்தால் மட்டும் நிற்கிறது என்றால்தான் மின்சாரப் பக்கம் போகவேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்த வயரிங் பாஸிடமும் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். அவர் வயரைத்தான் பார்ப்பார், அது அவர் தொழில்.

தள்ளும்போது கைகளையும் கவனியுங்கள். வண்டி மதகில் அல்லது கல்லில் உரசியிருந்தால் ஒரு பக்கக் கை வளைந்திருக்கும். சட்டத்தின் மூலைக்கு மூலை அளந்து பார்த்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். 2, 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் எவ்வளவு கிறீஸ் பூசினாலும் பயனில்லை. இரும்புக் கையைப் பிரஸ்ஸில் வைத்துச் சூடு காட்டாமல் நேராக்கலாம். அலுமினியக் கையை நேராக்குவது வீண்வேலை, அடுத்த மிதியில் வெடிப்பு விடும். மாற்றுங்கள்.

கழுவுதல்

கறளை உரிக்க முதல் உப்பைக் கழுவவேண்டும். இங்கே ஒரு சிக்கல். கடற்கரையோரக் கிணறுகளில் பல, வெயில் காலத்தில் சவராகிவிடும். சவர்த் தண்ணீரால் கழுவினால் இருக்கும் உப்போடு இன்னும் கொஞ்ச உப்பு. கண்ணாடியில் ஒரு துளி விட்டுக் காயவையுங்கள், வெள்ளையாகத் தடம் விட்டால் அந்தத் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீர் பாவியுங்கள்.

ஹோஸ் பைப்பை மெல்லிய வேகத்தில் விட்டு, மேலிருந்து கீழாக, படியை வெளியே வைத்து ஒரு முறை, உள்ளே தள்ளி ஒரு முறை கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் பிரஷர் கன்னை மோட்டருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் நேரே பிடிக்கவிடாதீர்கள். மழைக்கும் றோட்டுத் தண்ணீருக்கும் தாங்கும் ரப்பர் சீல், அந்த வேகத்துக்குத் தாங்காது. கழுவிய பின் அரை நாள் காயவிடுங்கள்.

அதன் பிறகு மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஷும். ஒவ்வொரு மூட்டிலும் ஊறும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விடுங்கள். டபிள்யூடி-40 இறுகியதை இளக்கவும் தண்ணீரைத் தள்ளவும் நல்லது. ஆனால் அது நின்று உராய்வைக் குறைக்கும் எண்ணெய் அல்ல, சில நாளில் காய்ந்துவிடும். அதை மட்டும் அடித்துவிட்டு "கிறீஸ் போட்டாச்சு" என்று போகிறவர்களின் படிதான் அடுத்த மாதமும் நிற்கிறது.

மறுநாள் பின்களைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி எடுங்கள். சுத்தியலால் நேரே அடித்தால் நுனி பூப்போல விரிந்து, பின் ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே வந்த பின்னைத் துடைத்துக் கையில் உருட்டிப் பாருங்கள். இரண்டு நுனியிலும் பழுப்பும் வெள்ளையுமாகச் சேறு மாதிரி ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல மின்னும். அந்த மினுக்கத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் ஒரு படிக்கட்டு நகத்தில் தட்டுப்படும். அதுதான் தேய்மானம். வேர்னியர் வைத்து அளந்தால், 10 மி.மீ. பின் 9.5க்குக் கீழே போயிருந்தால் மாற்றவேண்டும். புஷ் நீள்வட்டமாகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். புதுப் பின்னைப் பழைய புஷ்ஷில் போடுவது, கிழிந்த சாரத்துக்குப் புதுக் கயிறு கட்டுவது மாதிரி.

பின்னையும் புஷ்ஷையும் நகரத்தில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து எடுக்கலாம், வெளிநாட்டுச் சாமானுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கேட்கும்போது மூன்று விடயம் சொல்லுங்கள். பின்னுக்கு 316 வகை ஸ்டெயின்லஸ் கம்பி. அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் கடலுப்புக்கு 304ஐ விட நன்றாகத் தாங்கும். மீன்பிடிப் படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். புஷ்ஷுக்கு வெண்கலம் அல்லது அசிட்டால் பிளாஸ்டிக். நைலோன் மட்டும் இருந்தால் அதையும் போடலாம். ஆனால் நைலோன் ஈரத்தை உறிஞ்சி ஊதும். வெயிலில் பொருத்தமாகக் கடைந்த புஷ் மார்கழி மழையில் பின்னை இறுக்கிப் பிடிக்கும், ஆகவே 0.2 மி.மீ. கூடுதல் இடைவெளி விடச் சொல்லுங்கள். மூன்றாவது, கொட்டர் பின் ஓட்டை. அதைத் துளைக்க மறந்துவிடுவார்கள்.

படியைச் சட்டத்தோடு பிடிக்கும் பெரிய போல்ட்களுக்கு ஸ்டெயின்லஸ் போடாதீர்கள். கறள் பிடிக்காது என்பது உண்மை, ஆனால் சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லஸ், 8.8 என்று தலையில் அடித்த இரும்பு போல்டின் பலத்துக்கு வராது. நாக உலோகம் பூசிய 8.8ஐயே போட்டு, நைலோன் வளையம் உள்ள நட்டால் பூட்டுங்கள். 8 மி.மீ. போல்டுக்கு 25 நியூட்டன் மீற்றர், 10 மி.மீ.க்கு 48 அளவில் இறுக்கினால் போதும். ஸ்டெயின்லஸ் நட்டு, அலுமினியத்தோடு சேரும் இடங்களில் ஒட்டாமல் தடுக்கும் பசை பூசாவிட்டால், அடுத்த முறை அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

என்ன பூசுவது

இதில் ஆளுக்கொரு கட்சி. தடித்த கிறீஸைத் திறந்த மூட்டுகளில் அப்பினால் முதல் வாரம் வெண்ணெய்போல ஓடும். பிறகு கச்சானில் பறக்கும் மணல் அதில் ஒட்டும். கிறீஸும் மணலும் சேர்ந்தால் அது அரம்போல ராவும் பசை. பழைய இஞ்சின் ஒயிலைத் தூரிகையால் அடிப்பதும் இதே கதைதான். சட்டத்தின் அடிப்பக்கத்துக்கு அது கறள் தடுக்கும், பின்னுக்கு அது நஞ்சு.

என் தெரிவு இது: திறந்த மூட்டுகளுக்குக் காய்ந்தபின் ஒட்டாத டெஃப்லான் அல்லது சிலிக்கன் ஸ்பிரே. நிப்பிள் (கிறீஸ் ஏற்றும் முனை) உள்ள மூடிய புஷ்களுக்கும் கியர்ப் பெட்டிக்குள்ளும் மட்டும் தண்ணீருக்குத் தாங்கும் லித்தியம் அல்லது படகுக் கிறீஸ். ஸ்பிரே சீக்கிரம் போகும் என்பது அதன் குறை. கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு மாதம் ஒருமுறை, சீசன் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடியுங்கள். அடிக்க முன் துணியால் துடைப்பதுதான் வேலை, அடிப்பது அல்ல. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாட்போக்கில் பிசுபிசுத்துவிடும்.

கையால் போகிறது, மோட்டரால் போகவில்லை

இப்போது மின்சாரம். முதல் ஆள் பியூஸ். எரிந்திருந்தால் அதே அளவு புதியதைப் போடுங்கள். மறுபடி எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள். 20 அம்பியர் எரிகிறதென்று 30 போடுவது, பியூஸைக் காப்பாற்றி வயரை எரிப்பது. பியூஸ் எரியவில்லையென்றால் அது உட்காரும் கூட்டைப் பாருங்கள். உப்பு முதலில் தின்பது அந்தக் கூட்டின் பித்தளைப் பற்களைத்தான்.

அடுத்தது வோல்ட். இங்கே மல்டிமீற்றர் பொய் சொல்லும். பல இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரிலும் மீற்றர் 12.6 காட்டும், ஏனென்றால் மீற்றர் கரண்டே இழுப்பதில்லை. சுமை கொடுத்துப் பாருங்கள். ஓர் இழை போன ஹெட்லைற் பல்பைத் தூக்கி எறியாதீர்கள். மற்ற இழை 55 வாட், 12 வோல்டில் நாலரை அம்பியர் இழுக்கும். அதற்கு இரண்டு வயர் சேர்த்து, படியின் பிளக்கைக் கழற்றி, வரும் லைனுக்கும் எர்த்துக்கும் பிடியுங்கள். முழு வெளிச்சம் வந்தால் லைன் சரி. மங்கினால் வயரில் அல்லது எர்த்தில் கோளாறு. பல்பை லைனில் விட்டு, மறுமுனையை எர்த்திலிருந்து மாற்றிப் பற்றரி நெகட்டிவில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எர்த்தை இன்னும் சரியாக அளக்கலாம். படி ஓடும்போது மீற்றரின் ஒரு முனையைப் படியின் எர்த் வயரிலும் மறுமுனையைப் பற்றரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. போல்ட்டைக் கழற்றி, பெயின்டையும் கறளையும் மினுங்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, திரும்பப் பூட்டி, மேலே கிறீஸ் பூசி மூடுங்கள். கிறீஸ் பூட்டிய பிறகு.

மாற்றிய வான்களில் இன்னொரு தவறு மெல்லிய வயர். கணக்கைப் பாருங்கள். பற்றரியிலிருந்து படி வரை 6 மீற்றர் என்றால் போக வர 12 மீற்றர் செம்பு. 2.5 சதுர மி.மீ. வயரில் அதன் தடை 0.083 ஓம் அளவு. மோட்டர் 12 அம்பியர் இழுத்தால் 1 வோல்ட் வயரிலேயே தொலையும். பின் இறுகி 20 அம்பியர் இழுத்தால் 1.65 வோல்ட். பற்றரியும் பாதி இறங்கியிருந்தால் படிக்குப் பத்தரைதான் எட்டும். அதோடு கட்டுப்பாட்டுப் பெட்டியே தடுமாறும். 6 சதுர மி.மீ. போட்டால் அந்த இழப்பு 0.4, 0.7 ஆகக் குறையும். வெள்ளீயம் பூசிய படகு வயர் கிடைத்தால் அதுவே சிறந்தது.

ஏனென்று பார்க்க, படிக்குக் கிட்ட உள்ள பழைய வயரின் உறையை 2 செ.மீ. உரியுங்கள். செம்பு செம்பாக இருக்காது, கறுத்திருக்கும். முனையில் பச்சைத் தூள். கத்தியால் சுரண்டினாலும் மினுங்காது, ஈயமும் பிடிக்காது. இன்னும் 5 செ.மீ. வெட்டி உரியுங்கள், அப்போதும் கறுப்பு. திரி எண்ணெயை இழுப்பதுபோல உப்புத் தண்ணீரை இழைகள் உறைக்குள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். மினுங்கும் செம்பு வரும்வரை வெட்டவேண்டும், நீளம் போதாவிட்டால் புது வயர். கறுத்த செம்பில் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு அழுத்துவது அடுத்த மழைக்கு வேலை வைப்பது. லக்கை ஈயம் வைத்து ஒட்டாமல், நசுக்கிப் பூட்டும் குறடால் கிரிம்ப் பண்ணுங்கள். படி ஆடும் இடம், ஈயம் வைத்த ஓரத்தில் வயர் கடினப்பட்டு முறியும். உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போடுங்கள். பல முள் பிளக்குகளுக்குச் சிலிக்கன் கிறீஸ். செம்புத் தூள் கலந்த கிறீஸ் அங்கே வேண்டாம், முள்ளுக்கு முள் கரண்ட் கசியலாம்.

கதவும் மைக்ரோசுவிச்சும்

படி வெளியே வந்து உடனே திரும்பினால், அல்லது கதவு திறந்தும் அசையாமல் இருந்தால், கதவுச் சுவிச்சைப் பாருங்கள். பெரும்பாலும் கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிச். இரண்டுக்கும் இடைவெளி சுண்டுவிரல் தடிப்புக்குள் இருக்கவேண்டும். வானின் சறுக்குக் கதவில் உருளை தேய்ந்து கதவு தொங்கினால் காந்தம் விலகிவிடும். வேறொரு காந்தத்தை ரீட் சுவிச்சுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். படி ஒழுங்காக இயங்கினால் சுவிச் நல்லது, கதவைத் திருத்துங்கள்.

படி உள்ளே போயும் டாஷ்போட்டில் பசர் நிற்காமல் கத்தினால், "உள்ளே" சொல்லும் மைக்ரோசுவிச். மூன்று கால்கள்: பொது, வழக்கமாகத் திறந்தது, வழக்கமாக மூடியது. பியூஸைக் கழற்றிவிட்டு, மீற்றரைச் சத்தமிடும் நிலையில் வைத்து, தகட்டை விரலால் அழுத்தினால் சத்தம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறவேண்டும். மாறாவிட்டால் மாற்றுங்கள், ஐபி67 என்று குறித்த அடைத்த சுவிச்சாக. கெட்டதைத் திறந்து துடைத்து மறுபடி போடுவது ஒரு மாதக் கதை. சில பழைய படிகளில் மோட்டரின் முழுக் கரண்டும் இந்தச் சுவிச் வழியே போகும். ஆகவே பழையதில் எழுதிய அம்பியருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். சுவிச்சைத் தூக்கி எறிய முன், அதன் தகடு வளைந்து படியைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கல் பட்டு வளைந்த தகட்டுக்காகச் சுவிச் மாற்றியவர்கள் உண்டு.

கடைசியாக மோட்டர்

மோட்டரின் இரண்டு வயர்ப் பிளக்கைக் கழற்றி, இடையில் 20 அம்பியர் பியூஸ் வைத்து, பற்றரியிலிருந்து நேரே கொடுங்கள். ஒரு பக்கம் ஓடும். பிளஸ் மைனஸை மாற்றினால் மறுபக்கம். ஒரு விநாடி ஒரு விநாடியாகக் கொடுங்கள், நேரே கொடுக்கும்போது நிறுத்துவதற்கு ஆளில்லை. முட்டியபின்னும் கொடுத்தால் கியர்ப் பல் உடையும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், முன்பு யாராவது மாற்றியிருப்பார்கள்.

நேரே கொடுத்து ஓடினால் பழுது ரிலேயில் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச்) அல்லது பெட்டியில். ஓடாமல், ஸ்குரூட்ரைவரின் பிடியால் மோட்டர் உடலில் மெல்லத் தட்டியதும் ஓடினால் காபன் பிரஷ் தேய்ந்துவிட்டது. 5 மி.மீ. அளவுக்கு வந்த பிரஷை மாற்றவேண்டும். அதே அளவு கிடைக்காவிட்டால் பெரிய பிரஷை அரத்தால் ராவிப் பொருத்தலாம். கூட்டுக்குள் தடையில்லாமல் சறுக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். கொமியுட்டேற்றரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) எமரித் தாளால் தேய்க்காதீர்கள், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்னும். கண்ணாடித் தூள் ஒட்டிய மெல்லிய தேய்க்கும் தாள் போதும். துண்டுகளுக்கிடையே உள்ள காபன் தூளை ஈர்க்குக் குச்சியால் கிளறி எடுங்கள். மூடும்போது பூசும் சிலிக்கன், வினாகிரி மணம் வராததாக இருக்கட்டும். அந்த மணம் அசிற்றிக் அமிலம், அடைத்த மோட்டருக்குள்ளே இருந்து செம்பை அரிக்கும்.

மோட்டர் சுற்றும் சத்தம் கேட்டும் படி அசையாவிட்டால் கியர். கியர்ப் பல் உடைவதற்கு இங்கே ஒரு தனிக் காரணம் உண்டு. மணலில் நிறுத்திய வண்டி, ஆட்கள் ஏறி இறங்க இறங்க மெல்ல அமிழும். காலையில் நிலத்துக்கு ஒரு சாண் மேலே நின்ற படி, மாலையில் மணலில் ஊன்றிக்கொள்ளும். அப்போது கதவை மூடினால் மோட்டர் படியை இழுக்கவில்லை, வண்டியையே தூக்கப் பார்க்கிறது. மணலில் நிற்கும்போது சக்கரத்துக்குக் கீழே பலகை போடுங்கள். படிக்கும் தரைக்கும் 10 செ.மீ.யாவது இருக்கிறதா என்று மாலையில் ஒருமுறை குனிந்து பாருங்கள். நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்றால், படியை வெளியே விட்டு அதன் சுவிச்சை ஓவ் பண்ணிவிடுவது நல்லது. ஒவ்வொரு முறையும் போய்வந்து தேய வேண்டியதில்லை. புறப்படும்போது மறக்கக்கூடாது.

பெட்டி போனால்

கட்டுப்பாட்டுப் பெட்டி தண்ணீர் குடித்துப் போய்விட்டது, புதியது வரப் பல வாரம் ஆகும் என்றால், மைக்ரோசுவிச் உள்ள படியை ஐந்து கால் ரிலே இரண்டால் ஓட்டலாம். காலின் எண் ரிலேயிலேயே அடித்திருக்கும். இரண்டு ரிலேயின் 30ஆம் காலும் மோட்டரின் இரண்டு வயருக்கு. இரண்டின் 87ஏ காலும் எர்த்துக்கு. இரண்டின் 87ஆம் காலும் பியூஸ் வழியாகப் பிளஸ்ஸுக்கு. முதல் ரிலே இழுத்தால் படி வெளியே, மற்றது இழுத்தால் உள்ளே. இரண்டும் சும்மா இருக்கும்போது மோட்டரின் இரண்டு வயரும் எர்த்தில் இருப்பதால் மோட்டர் தன்னைத்தானே பிறேக் பிடித்துக்கொள்ளும், குலுங்கும் றோட்டில் படி எளிதில் நழுவாது. தவறி இரண்டும் ஒன்றாக இழுத்தாலும் இரண்டு வயரிலும் பிளஸ், எதுவும் நடக்காது.

"வெளியே" மைக்ரோசுவிச்சின் வழக்கமாக மூடிய காலை முதல் ரிலேயின் சுருள் வழியிலும், "உள்ளே" சுவிச்சினதை இரண்டாவதின் சுருள் வழியிலும் தொடராகப் போடுங்கள். முடிவுக்கு வந்ததும் சுருளுக்குப் போகும் கரண்ட் அறுந்து மோட்டர் நிற்கும். சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட், வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். கதவின் உள்விளக்குச் சுவிச், திறந்தால் எர்த் கொடுப்பது மட்டுந்தான் செய்யும். அதைக் கொண்டு மூன்றாவது ரிலே ஒன்றை இழுத்து, அதன் 30ஆம் காலுக்குப் பியூஸ் வழியாகப் பிளஸ் கொடுத்து, 87லிருந்து முதல் ரிலேயின் சுருள் வழிக்கும் 87ஏயிலிருந்து இரண்டாவதினதற்கும் கொடுத்தால் கதவோடு படி போய்வரும். "உள்ளே" சுவிச்சில் வழக்கமாக மூடிய கால்சோடி தனியாக இன்னொன்று இருந்தால் அதன் வழியே இக்னிஷனிலிருந்து ஒரு பசரையும் சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் இரண்டாவது சுவிச் ஒன்று வையுங்கள். பசர் இல்லாமல் மட்டும் ஓடாதீர்கள். நம்நாட்டில் கதவு இடப்பக்கம், படி நீட்டுவது றோட்டோரம் நடப்பவர்களின் கணுக்காலுக்கும் சைக்கிளுக்கும் நேரே. இந்த அமைப்பில் இடையில் கல் மாட்டினால் நிறுத்த பியூஸ் தவிர வேறு ஆளில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்கு முன்

ஒக்டோபர் பிறந்ததும், மழை இறங்க முன், எல்லாப் பிளக்கையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துச் சிலிக்கன் கிறீஸ் வைத்து மூடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வரும் வயர் நேரே இறங்காமல், கீழே ஒரு வளைவு விட்டு மேலேறிப் போகட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மழை மூன்று மாதமும் வண்டி கொட்டகையில் நின்றாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படியை நான்கைந்து தரம் ஓட்டுங்கள். சும்மா நிற்கும் பின்தான் அதிகம் இறுகும். வெள்ளம் நின்ற றோட்டில் ஓடிவந்தால் அன்றைக்கே கழுவுங்கள், மறுநாள் அல்ல.

வழியில் படி உள்ளே போக மறுத்தால்: பியூஸைக் கழற்றி, மோட்டர்க் கையின் பின்னை எடுத்து, படியைக் கையால் உள்ளே தள்ளி, கொக்கியுள்ள பட்டியால் சட்டத்தோடு இழுத்துக் கட்டுங்கள். பிளாஸ்ரிக் கட்டுநாடா மட்டும் போட்டால் குலுக்கலில் அறும், சைலன்சர் கிட்ட இருந்தால் உருகும். கட்டியபின் காலால் ஓர் உதை கொடுத்துப் பாருங்கள், அசைந்தால் இன்னொரு பட்டி. இதற்கு வேண்டியவை ஒரு பட்டி, ஒரு குறடு, இரண்டு கொட்டர் பின், அதே அளவு பியூஸ் இரண்டு, பித்தளைக் கம்பித் துண்டு, உபரிப் பின் ஒன்று. ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும். டின்னைச் சாரதி இருக்கைக்குக் கீழே வையுங்கள். பாதி நீட்டிய படி கதவை மறித்து நிற்கும்போது உள்ளே ஏறித் தேட முடியாது.